கோழிகள் வீடு திரும்பும் நேரம்

ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுக்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. வெளிநாட்டு அரசியல் பற்றிய கட்டுரை. ஊழல், விசாரணை, பதவி விலகல் என்று சூடாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில், திடீரென்று ‘அமைச்சரின் கோழிகள் இப்போது வீடு திரும்பிவிட்டன’ என்று ஒரு வரி. அமைச்சர் எப்போது கோழி வளர்த்தார் என்று முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு இறகுகூடக் கிடைக்கவில்லை.

மூலத்தில் இருந்தது ‘சிக்கன்ஸ் கம் ஹோம் டு ரூஸ்ட்’ என்ற மரபுத்தொடர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் மொழிபெயர்த்தவர் மேல் குற்றமே சொல்ல முடியாது. கோழி இருக்கிறது, வீடு இருக்கிறது, திரும்புவதும் இருக்கிறது. பொருளைத்தான் காணோம். ஒருவர் முன்பு செய்த தவறு, சில காலம் கழித்து, அவருக்கே தொல்லையாகத் திரும்பி வருவதைத்தான் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்கிறார்கள். தலையங்கங்களிலும் அரசியல், வணிகக் கட்டுரைகளிலும் அடிக்கடி தென்படும் தொடர் இது. ஆங்கிலம் கற்கத் தொடங்கியவர்கள் இதில் பொருள் தெரியாமல் இடறுவார்கள். கொஞ்சம் தேறியவர்களோ பொருளைத் தெரிந்துகொண்டு, இடம் தெரியாமல் இடறுவார்கள். இரண்டாவது இடறல்தான் ஆபத்தானது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடைசிச் சொல்

‘ரூஸ்ட்’ என்பதை ‘ரோஸ்ட்’ என்று படித்துவிட்டு, கோழி வறுவலுக்குத் தயாராகி வீட்டுக்கு வருகிறது என்று புரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உச்சரிப்பில் ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. ஆனால் ஒன்றில் கோழி தூங்கப் போகிறது, மற்றதில் அடுப்புக்குப் போகிறது.

பறவைகள் இரவு தங்குவதற்காக ஓரிடத்தில் ஏறி அமர்வதே ரூஸ்ட். அப்படி அமரும் கிளைக்கும் கழிக்கும்கூட அதே பெயர்தான். சேவலை அமெரிக்கர்கள் ‘ரூஸ்டர்’ என்பதும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததே. தமிழில் இதற்கு நேரான சொல் நம்மிடமே இருக்கிறது: அடைதல். ‘கோழி அடைந்துவிட்டதா?’ என்று கேட்டால், பொழுது சாய்ந்து அது தன் இடத்தில் போய் ஒடுங்கிவிட்டதா என்று பொருள். முட்டையின் மேல் உட்காரும் ‘அடைகாத்தல்’ வேறு, இது வேறு. ‘கூடடைதல்’ என்று எழுத்து வழக்கிலும் சொல்வதுண்டு.

இனி அந்தக் காட்சியை மனத்தில் கொண்டுவர வேண்டும். அதைப் பார்க்காமல் இந்தத் தொடரைப் பிடிக்க முடியாது. காலையில் திறந்துவிட்ட கோழி நாள் முழுக்க எங்கெங்கோ மேய்கிறது. வேலி தாண்டுகிறது, குப்பையைக் கிளறுகிறது, கண்ணுக்கே தென்படாமல் போகிறது. விட்டவர்களும் மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். இருட்டத் தொடங்கியதும் யாரும் கூப்பிடாமலேயே ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. இரவில் தரையில் கிடந்தால் நரிக்கோ பூனைக்கோ இரையாகிவிடும். அதன் காட்டு மூதாதையான செங்காட்டுக்கோழி இன்றும் இரவில் மரக்கிளையில்தான் தங்குகிறது. அந்தப் பழக்கம் வீட்டுக் கோழியின் உடம்பிலும் இருக்கிறது. பழகிய இடத்தைத் தேடி அது வந்தே தீரும்.

கோழியின் இடத்தில் ஒருவர் செய்த தவறை வைத்துப் பாருங்கள். காலையில் விட்டாயிற்று. எங்கோ போய்விட்டது. மறந்தும் ஆயிற்று. பொழுது சாயும்போது அது வாசலில் வந்து நிற்கிறது. எங்கோ இருந்த எவர் வீட்டுக்கும் போகாமல், விட்டவர் வீட்டைத் தேடியே வருகிறது.

பொருளுக்குள் இருக்கும் பொருள்

‘விளைவு’ என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிட்டால் பாதி கைநழுவிப்போகும். சூடான பாத்திரத்தைத் தொட்டுக் கை சுட்டுக்கொண்டவரைப் பார்த்து ஆங்கிலேயர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். அங்கே விளைவு உடனே வந்துவிட்டது. குடை எடுக்காமல் போய் நனைந்து திரும்பியவருக்கும் இது பொருந்தாது. இந்தத் தொடருக்குக் காலையும் வேண்டும், மாலையும் வேண்டும். நடுவே, ‘தப்பித்துவிட்டோம்’ என்று நினைத்துக்கொள்ளும் நீண்ட பகலும் வேண்டும். அந்தப் பகல் சில மாதங்களாக இருக்கலாம், சில பத்தாண்டுகளாகவும் இருக்கலாம்.

இரண்டாவதாக, திரும்பி வருவது நல்லதாக இருக்கக் கூடாது. கடினமாகப் படித்தவர் ஐந்தாண்டு கழித்து நல்ல வேலைக்குப் போனால், அதுவும் செய்ததன் பலன்தான். ஆனால் அவரைப் பாராட்டுவதாக நினைத்து இந்தத் தொடரை எழுதினால், அவர் ஏதோ தில்லுமுல்லு செய்து மாட்டிக்கொண்டார் என்றே படிப்பவர் நினைப்பார்.

மூன்றாவது, வருவது அவருடைய சொந்தக் கோழி. வேறொருவர் செய்ததற்கு இவர் அடிபட்டாலோ, வெறும் விபத்தாக இருந்தாலோ இது பொருந்தாது. நிலநடுக்கத்தில் வீடு இடிந்தவரிடம் இதைச் சொல்வது அபத்தம். கட்டடத்தின் உறுதியைச் சோதிக்காமலேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்ட அதிகாரி, அதே நிலநடுக்கத்துக்குப் பிறகு விசாரணையில் நின்றால், அவரைப் பற்றிச் சொல்லலாம். நிகழ்வு ஒன்றுதான். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில்தான் தொடர் பொருந்துவதும் பொருந்தாததும் இருக்கிறது.

உண்மையில் நடந்த ஒன்றைப் பார்த்தால் இம்மூன்றும் ஒரே இடத்தில் தெரியும். ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் தன் டீசல் கார்களில் ஒரு மென்பொருளைப் பொருத்தியிருந்தது. புகைப் பரிசோதனை நடக்கிறது என்பதை அது கண்டுபிடித்து, அந்த நேரத்தில் மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும். சாலையில் ஓடும்போது சில கார்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளை அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை வெளியேற்றின. அமெரிக்காவில் 2009 மாடல் கார்களிலிருந்தே இது இருந்தது. பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. விற்பனையும் நன்றாகவே போனது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதிமீறல் அறிவிப்பை வெளியிட்டது. ஐந்து நாளில் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. செய்தது தவறு, இடையில் ஆறேழு ஆண்டு நிம்மதி, பிறகு செய்தவர் வாசலிலேயே வந்து நின்ற தொல்லை. இந்தத் தொடருக்காகவே நடந்ததுபோல இருக்கிறது.

ஆனால் எல்லா நிகழ்வும் இவ்வளவு சுத்தமாக அமைவதில்லை. 2008 நிதி நெருக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கட்ட முடியாதவர்களுக்கும் வீட்டுக் கடனை அள்ளிக் கொடுத்து, அந்தக் கடன்களை மூட்டை கட்டிக் கைமாற்றி விற்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தபோது, கோழிகள் வீடு திரும்பிவிட்டன என்று சொல்வது பொருத்தம்தான். ஆனால் வேலையையும் வீட்டையும் இழந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோழிகளை விட்டவர்கள் அல்ல. இப்படிப்பட்ட இடத்தில் ‘யார் வீட்டுக்கு?’ என்ற கேள்வியை எழுதுபவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘வேறொருவர் வீட்டுக் கூரையில் போய் அடைந்தன’ என்று தொடரையே திருப்பிப்போட்டு எழுதும் கெட்டிக்கார எழுத்தாளர்களும் ஆங்கிலத்தில் உண்டு.

சாபமாக இருந்தது, செயலாக மாறியது

இந்தக் கோழிகளுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தொடக்கத்தில் திரும்பி வந்தது செயல் அல்ல, சாபம்.

14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் எழுதிய கான்டர்பரி கதைகளில், ஒரு பாதிரியார் கோபத்தைப் பற்றி நீண்ட அறிவுரை சொல்கிறார். அநியாயமாக இட்ட சாபம், பறவை தன் கூட்டுக்குத் திரும்புவதுபோல, இட்டவரிடமே திரும்பும் என்று அதில் வருகிறது. அங்கே வெறும் ‘பறவை’தான், கோழி இல்லை. கூடு இருக்கிறது, திரும்புதல் இருக்கிறது.

கோழியை அந்த இடத்தில் நாம் தெளிவாகப் பார்ப்பது 1810இல். ராபர்ட் சதி என்ற ஆங்கிலக் கவிஞர் ‘கெஹாமாவின் சாபம்’ என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். அதன் முகப்பில், சாபங்கள் கோழிக்குஞ்சுகளைப் போன்றவை, எப்போதும் அடைவதற்கு வீடு திரும்பிவிடும் என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு சுவை உண்டு. அந்தக் கவிதையின் களம் இந்தியா. ராபர்ட் சதி இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். புத்தகங்களில் படித்த இந்துப் புராணச் செய்திகளை வைத்துக் கதை கட்டினார். கெஹாமா என்ற கொடிய அரசன், தன் மகனைக் கொன்ற லதுர்லாத் என்பவனைச் சபிக்கிறான்: உனக்குத் தூக்கம் வராது, தண்ணீர் உன்னைத் தொடாது, ஆயுதம் உன்னைத் தீண்டாது, மரணமும் உன்னிடம் வராது, நெருப்பு உன் நெஞ்சில் எரிந்துகொண்டே இருக்கும். வேதனைப்படுத்தவே இட்ட சாபம். ஆனால் தண்ணீர் தொடாதவன் கடலுக்கடியில் நடந்து போய்ச் சிறைப்பட்டவரை மீட்க முடியும். ஆயுதம் தீண்டாதவனை எந்தக் காவலனாலும் நிறுத்த முடியாது. சாபமே கவசமாகிவிடுகிறது. கடைசியில் கெஹாமா சாகாவரம் வேண்டி அமுதத்தைக் குடிக்கிறான். சாகாவரம் கிடைக்கிறது. யமனின் அரியணையைத் தாங்கியபடி என்றைக்கும் எரிந்துகொண்டு நிற்கும் சாகாவரம். முகப்பில் இருந்த கோழிக்குஞ்சுகள் கதை முடியும்போது சரியாக வந்து அடைந்துவிடுகின்றன.

காலப்போக்கில் ‘சாபங்கள்’ என்ற சொல் தொடரிலிருந்து உதிர்ந்துவிட்டது. கோழிகள் மட்டும் மிஞ்சின. சாபத்தைப் பற்றிய எச்சரிக்கையாக இருந்தது, எந்தத் தவறான செயலுக்கும் பொருந்தும் தொடராகிவிட்டது. இன்று பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோருக்குச் சாபம் நினைவிலேயே இருக்காது.

சாபத்தின் சூடு முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்கு இரண்டு நிகழ்ச்சிகள்.

ஒரு தொடர் எவ்வளவு சுடும்?

1963 நவம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே துக்கத்தில் இருந்தது. அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம்களின் அமைப்பான நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கத்தின் பேச்சாளர்கள் யாரும் இந்தக் கொலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அதன் தலைவர் எலைஜா முகமது உத்தரவிட்டிருந்தார். டிசம்பர் 1 அன்று நியூயார்க்கில் அந்த இயக்கத்தின் புகழ்பெற்ற பேச்சாளர் மால்கம் எக்ஸ் பேசினார். பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். கென்னடி கொலையைப் பற்றிக் கேட்டபோது, கோழிகள் வீடு திரும்புகின்றன என்ற இந்தத் தொடரைத்தான் அவர் சொன்னார். பண்ணையில் வளர்ந்த தனக்குக் கோழிகள் வீடு திரும்புவது ஒருபோதும் வருத்தம் தந்ததில்லை, மகிழ்ச்சியே தந்திருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். அமெரிக்கா உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வளர்த்துவிட்ட வன்முறை அதன் தலைவரிடமே திரும்பியது என்பது அவர் வாதம். கேட்டவர்கள் காதில் விழுந்ததோ, ‘அந்த மனிதருக்கு இது வேண்டியதுதான்’ என்று. எலைஜா முகமது அவரை 90 நாள் பொதுமேடையில் பேசக் கூடாது என்று தடுத்தார். 1964 மார்ச்சில் மால்கம் எக்ஸ் இயக்கத்தைவிட்டே வெளியேறினார். பிரிவுக்கு உள்ளுக்குள் வேறு காரணங்களும் இருந்தன. வெளியே தெரிந்த காரணம் இந்தச் சில சொற்கள்தான்.

இரண்டாவது நிகழ்ச்சி. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சிகாகோவைச் சேர்ந்த ஜெரமையா ரைட் என்ற போதகர் தன் பிரசங்கத்தில் அமெரிக்காவின் கோழிகள் வீடு திரும்புவதாகச் சொன்னார். அப்போது அது தேசிய விவகாரம் ஆகவில்லை. அவருடைய தேவாலயத்துக்குச் சென்று வந்தவர்களில் ஒருவர் பராக் ஒபாமா. 2008இல் ஒபாமா அதிபர் வேட்பாளராக முயன்றபோது அந்தப் பிரசங்கத்தின் காணொளி தொலைக்காட்சிகளில் ஓடியது. மார்ச் 18 அன்று ஒபாமா ஃபிலடெல்ஃபியாவில் இன உறவுகள் பற்றி விரிவாகப் பேசி விளக்க வேண்டிய நிலை வந்தது. மே மாத இறுதியில் அவர் அந்தத் தேவாலயத்திலிருந்தே விலகினார். ஏழாண்டுக்கு முன் சொன்ன கோழிகள் ஏழாண்டு கழித்து அடைந்தன என்று யாராவது சொல்லியிருந்தால், நான் மறுத்திருக்க மாட்டேன்.

இவ்விரண்டையும் சொல்வது யார் சரி, யார் தவறு என்று தீர்ப்பு எழுத அல்ல. இந்தத் தொடருக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது என்பதைக் காட்டத்தான். ‘இது அதனால் நடந்தது’ என்பதோடு அது நிற்பதில்லை. ‘நீ செய்தது, நீயே வாங்கிக்கொள்’ என்றும் காதில் விழுகிறது. ஆகவே துக்கத்தில் இருப்பவரிடமோ, நோயில் கிடப்பவரிடமோ, ஒரு சாவைப் பற்றியோ இதைச் சொன்னால், சொன்னவர் என்ன நினைத்தார் என்று யாரும் பொறுமையாக விசாரிக்க மாட்டார்கள். நுரையீரல் நோய் வந்த நண்பர் முன்பு புகைபிடித்தவராகவே இருக்கட்டும். மருத்துவ உண்மை ஒருபுறம் இருக்க, அவர் முகத்துக்கு நேரே இதைச் சொல்வது குரூரம். தொடக்கத்தில் ஆபத்தான இடறல் என்றேனே, அது இதுதான்.

தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும்போது மட்டும் இந்தக் கடுமை குறைந்து, ஒருவித ஒப்புக்கொள்ளலாக மாறிவிடும். ‘இத்தனை நாள் கணக்கு எழுதாமல் விட்டேன், இப்போது கோழிகள் வந்து நிற்கின்றன’ என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் எதிரில் இருப்பவரும் சிரிப்பார்.

பக்கத்து வீட்டுத் தொடர்கள்

விளைவைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையத் தொடர்கள் உண்டு. அகராதிகள் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருளைக் கொடுத்துவிடுவதால், ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டால் ஒட்டாது.

‘ஃபேஸ் தி மியூசிக்’ என்பதில் கவனம் மனிதர்மேல் இருக்கிறது. விளைவு ஏற்கெனவே வந்துவிட்டது, அதை எதிர்கொண்டு நிற்க வேண்டும் என்பது பொருள். கோழித் தொடரில் வருவது விளைவு, மனிதர் சும்மா நிற்கிறார். இதில் மனிதர் போய் நிற்கிறார். ஆகவே ‘கோழிகள் வந்துவிட்டன, இனி போய் இசையைச் சந்திக்க வேண்டியதுதான்’ என்று இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தினாலும் பொருள் இடிக்காது. நடை இடிக்கும், அது வேறு விஷயம்.

‘யூ ரீப் வாட் யூ சோ’, அதாவது விதைத்ததையே அறுப்பாய் என்பது பைபிளில், கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்திலிருந்து வருவது. அது பொது விதி. நன்மை விதைத்தாலும் சரி, தீமை விதைத்தாலும் சரி. நடக்கும் முன்பே அறிவுரையாகச் சொல்லலாம், பாராட்டாகவும் சொல்லலாம். கோழித் தொடர் பெரும்பாலும் நடந்த பிறகு, அல்லது நடக்கத் தொடங்கிய பிறகு சொல்வது.

‘வாட் கோஸ் அரவுண்ட் கம்ஸ் அரவுண்ட்’, அதாவது பிறருக்குச் செய்தது தனக்கே திரும்பும் என்பது, ஒருவர் இன்னொருவரை நடத்தும் விதத்தைப் பற்றியது. பேச்சு வழக்குக்கே உரியது. ‘பேக்ஃபயர்’ என்பது திட்டம் எதிர்மாறாகப் போனதைச் சொல்கிறது. அதில் அறம் இல்லை, காலதாமதமும் தேவையில்லை. நல்ல நோக்கத்துடன் போட்ட திட்டமும் பேக்ஃபயர் ஆகலாம். ‘டாமினோ எஃபெக்ட்’ வெறும் சங்கிலித் தொடர்ச்சி, யார்மேலும் பழி இல்லை.

கோழி வருகிற வேறு தொடர்களோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முட்டை பொரியும் முன் குஞ்சுகளை எண்ணாதே என்பது அவசர நம்பிக்கைக்கு எதிரான எச்சரிக்கை. ஒருவரை ‘சிக்கன்’ என்றாலோ கோழை என்று பொருள்.

நம்மிடம் இருப்பவை

இப்போது மொழிபெயர்ப்புக்கு வருவோம். ‘இதற்குத் தமிழில் என்ன?’ என்று கேட்டால் முதலில் வாயில் வருவது ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’. நல்ல பழமொழி. ஆனால் ‘தினை விதைத்தவன் தினை அறுப்பான்’ என்று அதற்கு ஒரு மறுபாதி இருப்பதை மறந்துவிடக் கூடாது. அது விதைப்பு-அறுப்புத் தொடருக்குத்தான் நேர் உறவு. ‘உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்’ என்பதில் காலதாமதம் குறைவு, தப்ப முடியாமை அதிகம். ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்பது பேச்சால் மாட்டிக்கொள்பவருக்கு மட்டும். ‘தன் வினை தன்னைச் சுடும்’ ஓரளவு நெருங்கி வருகிறது. சொந்த வினை, கெட்ட விளைவு, இரண்டும் அதில் இருக்கின்றன. காத்திருப்பு மட்டும் இல்லை.

காத்திருப்பையும் சேர்த்துச் சொல்லும் ஒன்று திருக்குறளில் இருக்கிறது. இன்னா செய்யாமை அதிகாரத்தின் 319ஆம் குறள்:

பிறர்க்கின்னா முற்பகல் செய்யின் தமக்கின்னா
பிற்பகல் தாமே வரும்.

முற்பகல், பிற்பகல். கோழியைத் திறந்துவிட்ட காலையும் அது திரும்பி வரும் மாலையும்போலவே இல்லையா? அதைவிட எனக்குப் பிடித்தது ‘தாமே வரும்’ என்பது. யாரும் கூப்பிட வேண்டாம், ஓட்டிவர வேண்டாம். ஆங்கிலத்தில் கோழியை வைத்துச் சொல்ல வந்த நுட்பம் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு வேறுபாடு உண்டு: குறள் பிறருக்குச் செய்த தீங்கைப் பற்றியது. ஆங்கிலத் தொடரோ, கணக்கு எழுதாமல் விட்டதுபோன்ற அலட்சியத்துக்கும் பொருந்தும்.

உவமையிலும் நெருக்கமான ஒன்று வேண்டுமென்றால் நாலடியாரின் 101ஆம் பாட்டுக்குப் போக வேண்டும். பல பசுக்களுக்கு நடுவே கொண்டுபோய் விட்டாலும் இளங்கன்று தன் தாயைத் தேடி அடைந்துவிடும், பழவினையும் தன்னைச் செய்தவனைத் தேடி அப்படியே அடையும் என்கிறது அந்தப் பாட்டு. அங்கே கோழியும் கூரையும், இங்கே கன்றும் தாயும். வளர்ப்பு விலங்கு வழி தவறாமல் வந்து சேருவதைப் பார்த்து இரண்டு மொழிக்காரர்களும் ஒரே எண்ணத்துக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் நாலடியார் பேசும் பழவினை முற்பிறவியையும் உள்ளடக்கியது. ஆங்கிலக் கோழி ஒரே வாழ்நாளுக்குள், பெரும்பாலும் ஒரே பதவிக்காலத்துக்குள், திரும்பிவிடுகிறது.

அதனால்தான் மொழிபெயர்க்கும்போது ‘ஊழ்வினை’, ‘கர்மா’ என்று போடுவதைத் தவிர்ப்பேன். ஃபோக்ஸ்வேகன் விவகாரத்தில் ஊழ் எதுவும் இல்லை. ஒரு மென்பொருளும் அதைப் பொருத்தச் சொன்ன மனிதர்களும்தான் இருந்தார்கள். பெரும்பாலான இடங்களில் பழமொழியைத் தேடாமல் எளிமையாக எழுதுவதே மேல்: ‘அன்று மூடி மறைத்தது இன்று அவர்கள் வாசலுக்கே வந்துவிட்டது’, ‘பழைய தவறுகள் ஒவ்வொன்றாகத் தேடி வருகின்றன’, ‘செய்தது திரும்பிவிட்டது’. ‘தேடி’, ‘திரும்பி’, ‘வாசல்’ போன்ற சொற்களில் ஒன்று இருந்தால் போதும், கோழியின் நிழல் விழுந்துவிடும்.

நீங்களே ஆங்கிலத்தில் எழுதும்போது

இலக்கணம் அதிகம் இல்லை. கோழிகள் பன்மையில்தான் வரும். ‘ஹோம்’ என்பதற்கு முன் ‘டு’ வராது. ‘ரூஸ்ட்’ இங்கே வினைச்சொல், அதனால் அதற்கு முன் ‘தி’ போடக் கூடாது. ‘டு தி ரூஸ்ட்’ என்று எழுதினால் நிஜக் கோழி ஒன்று கழியில் ஏறுவதாகிவிடும். காலம் மட்டும் மாறும்: ‘ஹேவ் கம் ஹோம் டு ரூஸ்ட்’ என்றால் வந்தேவிட்டது, ‘ஆர் கமிங் ஹோம் டு ரூஸ்ட்’ என்றால் வரத் தொடங்கிவிட்டது, ‘வில் கம் ஹோம் டு ரூஸ்ட்’ என்றால் எச்சரிக்கை.

இன்னொரு வசதி, கோழியையே எடுத்துவிட்டுத் தவற்றை அந்த இடத்தில் வைக்கலாம். ‘ஹிஸ் லைஸ் ஹேவ் கம் ஹோம் டு ரூஸ்ட்’, அதாவது அவர் சொன்ன பொய்கள் அவரையே தேடி வந்துவிட்டன. ‘இயர்ஸ் ஆஃப் நெக்லெக்ட் ஆர் கமிங் ஹோம் டு ரூஸ்ட்’, அதாவது ஆண்டுக்கணக்கான அலட்சியத்தின் பலன் இப்போது தெரியத் தொடங்கியிருக்கிறது. பண்பட்ட உரைநடையில் இந்த வடிவத்தையே நான் பரிந்துரைப்பேன். எது திரும்பியது என்று இதில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், வெறும் கோழிகளை எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. கட்டுரை, பேச்சு, நண்பர்களுடன் உரையாடல் எல்லாவற்றிலும் இந்தத் தொடர் செல்லும். சட்ட ஆவணத்திலும் அறிவியல் கட்டுரையிலும் செல்லாது. அலுவலக மின்னஞ்சலில் சக ஊழியரைப் பற்றி எழுத நினைத்தால், மேலே சொன்ன தீர்ப்பை நினைத்துக்கொண்டு ஒருமுறை யோசியுங்கள்.

அந்த அமைச்சர் வரியை, ‘அமைச்சர் அன்று மூடி மறைத்ததெல்லாம் இன்று அவர் வாசலிலேயே வந்து நிற்கிறது’ என்று மாற்றி அனுப்பினேன். மொழிபெயர்த்தவர் புதியவர், ஆர்வமுள்ளவர். உடனே போன் செய்தார்.

“நீங்கள் மாற்றியது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலத்தில் கோழி இருந்ததே, அது எங்கே போயிற்று?”

“அடைந்துவிட்டது” என்றேன்.